கல்லீரலின் சம்மதம்

"இதோ பாருங்க, ரெண்டு பேரும் மெதுவாத்தான் பேசணும். இந்த நம்பர் அம்பதுக்குக் கீழே இறங்கிச்சுன்னா உங்களை வெளியே அனுப்பிடுவேன்" என்றாள் நர்ஸ்.

கட்டிலில் லாரிக்காரர் கழுத்துவரை போர்த்திக்கொண்டு, கண்ணை மூடிக் கிடந்தார். கல்லீரலில் வந்த கட்டியை ஒரு துண்டோடு சேர்த்து வெட்டி எடுத்திருந்தார்கள். போர்வைக்குள்ளிருந்து வந்த மெல்லிய ஒயர் ஒன்று தலைமாட்டில் இருந்த சின்னத் திரையில் போய்ச் சேர்ந்திருந்தது. திரையில் பச்சை நிறத்தில் 65.

"இது என்னம்மா, இதயத் துடிப்பா?" என்று கேட்டார் லாரிக்காரரின் அண்ணன்.

"இல்லைங்க, கல்லீரலுக்கு ஆக்சிஜன் எவ்வளவு போகுதுன்னு பாக்கறது. வயித்துமேல ஒரு வில்லை ஒட்டியிருக்கோம். அது தோல் வழியா வெளிச்சத்தை உள்ளே அனுப்பும். ஆக்சிஜன் இருக்கிற ரத்தம் நல்ல சிவப்பு, இல்லாதது கருஞ்சிவப்பு. திரும்பி வர்ற வெளிச்சத்தை வச்சு மெஷினே கணக்குப் போட்டுடும்."

"குத்தாம கிழிக்காம டார்ச் அடிச்சே பாத்துடறீங்க! வெட்டின துண்டு திரும்ப வளந்துடும்னு வேற சொல்றாங்க. அது கல்லீரலா, தலைமுடியா?"

நர்ஸ் சிரித்துக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

அண்ணன் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்தார். கட்டிலின் மறுபக்கம் நின்ற லாரிக்காரர் மனைவி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். அந்த மனுஷர் நாற்காலியை இழுத்தால் தீர்ப்புச் சொல்லப் போகிறார் என்று அர்த்தம். அவர் சொல்வார், இவள் புருஷன் தலையாட்டுவார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் பார்த்துவருவது அதைத்தான்.

"தம்பி, நீ ரொம்ப நாளைக்கு ஸ்டியரிங்கைத் தொடக்கூடாதாம். லாரி சும்மா நிக்கலாமா? என் மச்சினன்கிட்ட குடுத்துடலாம்னு முடிவு பண்ணிட்டேன். சாவியும் என்கிட்டத்தான் இருக்கு."

"அவரா? ரிவர்ஸ் எடுக்கறேன்னு நம்ம வீட்டுச் சுவரையே இடிச்சாரே மாமா!" என்றாள் அவள். "நானே ஓட்டறேன். பெரிய வண்டிக்கு லைசென்ஸ் வாங்கி வச்சிருக்கேன். இவருதான் சொல்லிக்குடுத்தார்."

"பொம்பளை லாரி ஓட்டறதா? நாலு பேர் சிரிக்க மாட்டாங்க?"

"சிரிக்கிறவங்க ஓரமா நின்னு சிரிக்கட்டும் மாமா. அந்த லாரி கைவிட்டுப் போச்சுன்னா எங்க வீட்டுல அடுப்பு எரியாது."

"நீ சும்மா இரும்மா. டேய் தம்பி, நீ என்னடா சொல்றே?"

லாரிக்காரர் கண்ணைத் திறக்காமலே முனகினார். "நீங்க சொன்னா சரிதாண்ணே."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து மெஷின் 'டிங்' என்றது. 57.

"அய்யோ, இறங்குது மாமா!"

"நீ இப்படி வாயாடினா இறங்காம என்ன செய்யும்? தம்பி, கவலைப்படாதே. மச்சினன் நாளைக்கே வண்டியை எடுத்துடுவான்."

54.

அவள் பதறிப்போய்ப் புருஷன் காதருகே குனிந்தாள். "என்னங்க, நான் ஓட்டினா உங்களுக்குப் பயமா இருக்கா? இறக்கத்துல நியூட்ரல்ல விடாதேன்னு சொன்னீங்களே, நான் மறக்கலைங்க."

எண் மளமளவென்று ஏறியது. 68.

அண்ணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். "மெஷின்ல ஏதோ கோளாறு. என் மச்சினன்..."

56.

"அவர் பேச்சை எடுக்காதீங்க மாமா!" லாரியாவது, சாவியாவது! கல்லீரலுக்கு மூச்சு முட்டும்போது என்ன சண்டை வேண்டிக்கிடக்கிறது? கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போதும் மாமா. இவரு எழுந்து நடந்தா அதுவே எனக்குப் போதும். வண்டியை உங்க மச்சினனே ஓட்டட்டும்."

இவ்வளவு விட்டுக்கொடுத்தபிறகு எண் ஏறும் என்றுதான் இருவரும் திரையைப் பார்த்தார்கள். பாழாய்ப்போனது, இன்னும் இறங்கியது. 53. 51. 48. மெஷின் ஊரைக் கூட்டியது.

"டேய் தம்பி! நர்சம்மா!" அண்ணனுக்கு வேர்த்துக் கொட்டியது. சட்டைப்பையைத் துழாவிச் சாவியை எடுத்து அவள் கையில் திணித்தார். "நீயே ஓட்டும்மா! லாரி என்ன, ரயிலையே ஓட்டு! என் தம்பி பிழைச்சாப் போதும்!"

மெஷின் அடங்கியது. 60. 70. எழுபத்தாறில் போய்ச் சுகமாக உட்கார்ந்துகொண்டது.

ஓடிவந்த நர்ஸ், அண்ணனுக்கு வாசலைக் காட்டினாள். அவர் எழுந்தார். போகிறபோது தம்பி மனைவியிடம் மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "எனக்காகத் தம்பி வாயால சரின்னு சொல்லிட்டான்மா. ஆனா உள்ளே இருக்கிற கல்லீரலுக்குப் பொய் சொல்லத் தெரியலை பாரு!"

கதவு சாத்திக்கொண்டது. வில்லை சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க நர்ஸ் போர்வையை விலக்கினாள். வயிற்றில் வில்லையைக் காணோம். லாரிக்காரரின் முன்கையில் அழகாக ஒட்டியிருந்தது.

"ஐயா! கையை இறுக்கி மூடினா தசை ஆக்சிஜனை இழுத்துக்கும், நம்பர் இறங்கும், விட்டா ஏறும்னு காலையில விளையாட்டா என் கையில ஒட்டிக் காட்டினேன். அதை வச்சா இவ்வளவும் பண்ணீங்க?"

லாரிக்காரர் ஒரு கண்ணை மட்டும் திறந்து, கதவு நன்றாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, மனைவி பக்கம் திரும்பினார்.

"என்னடி செய்யறது? அண்ணன் முன்னாடி எனக்கு என்னைக்கு வாயைத் திறக்க வந்திருக்கு? கையை மூடத்தான் முடிஞ்சுது."