கெட்டுப்போன டிசைன்

ஹேமலதாவின் லேப்டாப் அந்த வானியல் மென்பொருளை ஏற்க மறுத்தது. இடம் போதவில்லையாம்.

“குடு, நான் ஏத்தித் தர்றேன்” என்றான் கணவன் பரணிதரன். ஆரணியில் பட்டுப்புடவைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவன். “ஆராய்ச்சி சீட்டு கெடைச்சா மெட்ராஸுக்குப் போயிடுவ இல்ல?” என்று சிரித்தான்.

சாயங்காலம் மென்பொருள் ஓடியது. அவள் முகம் மலர்ந்தது, உடனே வாடியது.

“நட்சத்திரப் படங்க எங்கங்க? காலேஜ் டெலஸ்கோப்புல ஆறு மாசம் எடுத்தது. நாளைக்குள்ள அத ஆராய்ஞ்சு அனுப்பினாத்தான் சீட்டு. வேற காப்பி இல்ல!”

“கறுப்பா, வெள்ள வெள்ளயா புள்ளி இருந்துச்சே, அதுவா? ஐயையோ, கெட்டுப்போன டிசைன்னு நெனச்சு அழிச்சுட்டேனே! அத எடுத்தாத்தான் இடம் வந்துச்சு.”

தலையில் அடித்துக்கொண்டான். இரண்டு வேளை சாப்பிடவில்லை. அவள்தான் அவனைத் தேற்ற வேண்டியிருந்தது.

“தெரியாம செஞ்சதுக்கு ஏங்க பேஜார் ஆவுறீங்க?”

சீட்டு போயிற்று.

நான்கு மாதம் கழித்து, தறியிலிருந்து அறுத்து வந்த புதுப் புடவையை அவள் முன் விரித்தான்.

“என் டிசைன்தான். கடைக்காரங்க கேட்டுகினே இருக்காங்க.”

கருநீலப் பட்டு. முந்தானை முழுக்க வெள்ளி ஜரிகைப் புள்ளிகள். ஒரே ஒரு புள்ளியைச் சுற்றி மட்டும் சின்ன வட்டம். அடையாளத்துக்காக அவளே நட்சத்திரப் படத்தில் போட்ட வட்டம்.

ஹேமலதா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

“அழிச்சது உன் லேப்டாப்லதான். என்னுதுல பத்திரமா இருக்குது” என்றான். “கட்டிகினு வா, போட்டோ எடுக்கணும்.”