வயலைக் காப்பாற்றப் போனவர்

"ஐயா, உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன். இந்த வயலை மட்டும் வித்துடாதீங்க!"

சொன்னாரே தவிர, காலனித் தலைவர் காலைத் தொடவில்லை. கால் முழுக்கச் சேறு. மண்வெட்டியோடு நின்ற பெரியவர் கையில் பூங்கொத்தைத் திணித்துவிட்டு, கர்ச்சீப்பை எடுத்து விரல்களைத் துடைத்துக்கொண்டார். கூட வந்த செயலாளர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டே இருந்தார்.

தலைவரின் வயிற்றெரிச்சல் நியாயமானதுதான். வயலைப் பார்த்துக்கொண்டே காபி குடித்தால்தான் அவருக்குப் பொழுது விடியும். இந்தப் பச்சையைக் காட்டித்தானே, தன் வீட்டை ஒட்டிக் கட்டியிருந்த இன்னொரு வீட்டை யானை விலை குதிரை விலைக்கு விற்றார்! இப்போது வயலும் விலை போகிறதாம். ஏழைபாழைகளுக்கு மலிவு விலையில் வீடு கட்டப் போகிறார்களாம். இன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

அவர் விற்ற வீட்டை வாங்கியது ஒரு நர்ஸ் பெண். "அப்பா அம்மாவுக்காக சார்" என்றாள். பேரம்கூடப் பேசவில்லை. காலையில் அந்த வாசலில் லாரியிலிருந்து கோழிக்கூண்டு இறங்கியதைப் பார்த்ததும் தலைவர் தலையில் அடித்துக்கொண்டார். போயும் போயும் இப்படியொரு அக்கம்பக்கமா!

"உங்களை மாதிரி ஆளுங்கதான் ஐயா நாட்டோட முதுகெலும்பு. சும்மா சொல்லலை, உங்களைத் தினமும் பால்கனியிலேருந்து பார்த்துப் பூரிச்சுப் போறவன் நான்."

சதுரமாக வெட்டிய குழிக்குள் நின்றபடி பெரியவர் அண்ணாந்து பார்த்தார். "என்னையா சார்?"

"பின்னே! நீங்க 'ம்'னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்த வரப்புலயே படுத்துப் போராடறோம்" என்றார், ஏசி இல்லாமல் கண்ணை மூடியறியாத தலைவர்.

"எதுக்கு சார் வரப்புல படுக்கணும்? இங்கதான் வீடே வரப்போகுதே. எனக்கும் ஒண்ணு ஒதுக்கியிருக்காங்க. ஒழுகாத கூரைக்குக் கீழ பேரப்புள்ளைங்களைப் படுக்க வைக்கலாம்."

தலைவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்போ... நிலத்துக்காரர் நீங்க இல்லையா?"

"நான் அஸ்திவாரம் தோண்ட வந்தவன் சார்."

இத்தனை வருஷமாகப் பூரித்துப் பார்த்த விவசாயியின் முகத்தைத் தலைவர் யோசித்துப் பார்த்தார். முண்டாசு ஞாபகம் வந்தது, முகம் வரவில்லை. 'ஐயா' போய் 'யோவ்' வந்தது. பூங்கொத்தையும் வெடுக்கென்று திரும்ப வாங்கிக்கொண்டார்.

"யோவ், அப்படின்னா அந்த ஆளு ஏற்கெனவே வித்துட்டானா? சோறு போட்ட மண்ணை விக்க எப்படித்தான் மனசு வந்துச்சோ! அப்படி என்னய்யா பேராசை?"

"பேராசையெல்லாம் இல்ல சார். அவரு சம்சாரத்துக்கு உடம்பு முடியல. ஆஸ்பத்திரி பக்கமா ஒரு வீடு வாங்கணும்னாரு. அதுக்கு வயல்ல ஒரு மூலையை மட்டும் குடுத்தா போதும்னுதான் நெனச்சிருந்தாரு. கடைசியில பாவம், அழுதுக்கிட்டே கையெழுத்துப் போட்டாரு."

"ஏன், அப்புறம் என்ன வந்துச்சாம்?"

பெரியவர் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டுக் காலனிப் பக்கம் கையை நீட்டினார். "காலையில அவரு கோழிக்கூண்டை அங்கதான் இறக்கி வெச்சுட்டு வந்தேன்."

நீட்டிய விரல், தலைவரின் வீட்டை ஒட்டிய வீட்டில் போய் நின்றது.

"நீங்க சொன்ன விலைக்கு முழு வயலும் போயிடுச்சு சார்!"