முதல் வெட்டு

"உற்ற தோழி கழுத்துலயேவா முதல் வெட்டு? கல்நெஞ்சக்காரி!"

உலக நாடுகள் சேர்ந்து நடத்தும் அந்தச் சபையின் தலைமை அலுவலகம் முழுக்க இதே பேச்சு. செலவைக் குறைக்கச் சீர்திருத்தம் என்று கிளம்பிய நிர்வாக இயக்குநர், முதலில் நீக்கியது மொழிபெயர்ப்பாளரின் வேலையை.

மொழிபெயர்ப்பாளர் விறுவிறுவென்று இயக்குநரின் அறைக்குள் நுழைந்தாள்.

"ரொம்ப நன்றி மேடம்!"

"உட்காரு."

"வேலை இருந்தாத்தானே உட்கார?"

இயக்குநர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தாள்.

"கூட்டம் நடக்கறப்போ கண்ணாடிக் கூண்டுக்குள்ள தோளோடு தோள் உட்கார்ந்து எத்தனை வருஷம் மொழிபெயர்த்தோம்! உனக்குத் தொண்டை கட்டினப்போ, நீ விட்ட வாக்கியத்தைப் பாதியில பிடிச்சு முடிச்சது யாரு?"

"நீதான்."

"வந்த புதுசுல பனிக்கு நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே கோட்டு. அதுக்குள்ளேயே ரெண்டு பேரும் நுழைஞ்சுக்கிட்டு பஸ்ஸுக்கு ஓடுவோம்."

"ஒரு டிக்கெட் போதுமான்னு டிரைவர் கேட்பார்." இயக்குநருக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது.

"இதெல்லாம் ஞாபகம் இருந்துமா இப்படிச் செஞ்சே? என் வீட்டுக்காரர் படுத்த படுக்கையா இருக்கார். கூடவே இருந்து பார்த்துக்கலாம்னு அடுத்த மாசம் நானே ராஜினாமா பண்றதா இருந்தேன். கௌரவமா போயிருப்பேன். அதுக்குள்ள கழுத்தைப் பிடிச்சுத் தள்ளிட்டியே!"

வெளியே ஆபீஸே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

இயக்குநர் எழுந்து வந்து தோழியின் கையைப் பிடித்துக்கொண்டாள். குரல் தணிந்தது.

"அசடு! உங்க பிரிவுல ஒருத்தர் போயே ஆகணும். நீ ராஜினாமா பண்ணப் போறதா உன் பொண்ணு போன்ல சொன்னா. நீயா போனா அன்னியோட எல்லாம் முடிஞ்சுது. வேலையை நாங்க நீக்கினா, உன் வீட்டுக்காரருக்கு ஆயுசு முழுக்க வைத்தியச் செலவு சபையோடது. சட்டதிட்டமே அப்படித்தான்."

இத்தனை மொழி தெரிந்தவளுக்கு எதிலும் ஒரு வார்த்தை வரவில்லை. பொலபொலவென்று கண்ணீர்தான் வந்தது.

"கண்ணைத் துடைடீ. தோழிக்குச் சலுகைன்னு எவனாவது கிளப்பிவிட்டா உத்தரவே ரத்தாயிடும். வந்த மாதிரியே, என்னை நாலு திட்டு திட்டிக்கிட்டே வெளியே போ!"