முன்மாதிரி ஊருக்கு ஒரு பஸ்

முச்சந்தியில் பஸ் நின்றது.

“வலது பக்கந்தானுங்க மேடம்?” ஓட்டுநர் கண்ணாடியைப் பார்த்துக் கேட்டார்.

அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

வலது பக்கம் போனால் உரக்கிடங்கு. சுவரெல்லாம் ஓவியம். வாசலில் கோலம். தொட்டிகளில், காலையில் சந்தையிலிருந்து வாங்கிப் போட்ட முட்டைக்கோஸ் இலைகள். நிஜக் குப்பை நாறும் என்பதால் இந்த ஏற்பாடு. தூய்மைப் பணியாளர்கள் புதுக் கையுறையோடு வரிசையாக நிற்பார்கள். பஸ் கிளம்பியதும் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

அடுத்த பஸ் வரும்போது வேண்டுமல்லவா?

பஸ்ஸுக்குள் பல ஊர்களின் நகராட்சி ஆணையர்கள். பயிற்சி நிலையத்தில் வகுப்பு முடிந்து, நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ள வந்திருக்கிறார்கள். முன் இருக்கையில் பேராசிரியர் மரியசூசை. இந்த ஊரின் குப்பை மேலாண்மையை ஆய்வு செய்து, முன்மாதிரிப் பேரூராட்சி என்று பேர் வாங்கிக் கொடுத்த புண்ணியவான்.

அவள் இங்கே செயல் அலுவலர். மாற்றலாகி வந்த நாளிலிருந்து அந்தப் பேரோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள்.

இடது பக்கம் போனால் ஏரிக்கரை.

ஊர்க்குப்பையில் முக்கால்வாசி அங்கேதான் மேடாகக் கிடக்கிறது. மேலே பார்த்தால் அணைந்த மாதிரி இருக்கும். உள்ளே எரிந்துகொண்டே இருக்கும். அதன் அடிவாரத்தில் காலனி. வாயும் வயிறுமாக இருக்கிற பெண்கள் ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு தூங்குகிறார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் தெருமுனையிலேயே இருமிவிட்டுத் திரும்பிப் போகிறார்கள்.

மேட்டை அகற்ற நிதி கேட்டு எழுதினாள். முன்மாதிரிப் பேரூராட்சிக்கு இந்தத் திட்டம் பொருந்தாது என்று பதில் வந்தது. மறுபடி எழுதினாள். அதே பதில்.

நல்ல கூத்து. ஊர் பேர் வாங்கிய பாவத்துக்குப் பிள்ளைகள் புகையைக் குடிக்க வேண்டுமாம்.

நேற்று உதவி இயக்குநர் போனில் கூப்பிட்டார். “ஏரிப் பக்கம் மட்டும் கூட்டிட்டுப் போயிராதம்மா. புரமோஷன் லிஸ்ட்ல உன்ற பேரு இருக்குது.” அக்கறையாகப் பேசுகிற மாதிரியே மிரட்டுவது அவருக்குக் கைவந்த கலை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் மறைத்துக்கொண்டே இருக்கட்டும். அவளுக்குப் பரிமாறிப் பரிமாறிக் கை சலித்துவிட்டது.

“மேடம்?”

“இடது பக்கம் விடுங்கண்ணா.”

பேராசிரியர் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். “அங்க என்னம்மா இருக்கு?”

“உங்க ஆய்வுல விட்டுப்போனது சார்.”

பஸ் திரும்பியது.

அவளுக்குப் பயம்தான். இல்லையென்று யாரிடம் பொய் சொல்வது? ஆனாலும் நனைந்த பிறகு முக்காடு எதற்கு?

ஏரிக்கு முன்பே புகை வந்து எதிர்கொண்டது. ஜன்னல்களைச் சாத்தினார்கள். சாத்தியும் உள்ளே வந்தது.

இறங்கினார்கள். கைக்குட்டைகள் மூக்குக்குப் போயின.

மேட்டில் வெறுங்கையால் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்த தூய்மைப் பணியாளர் ராமாத்தாள் நிமிர்ந்தாள். சட்டை கசங்காத இத்தனை மனிதர்களை அந்தப் பக்கம் அவள் பார்த்ததில்லை.

“தடம் மாறி வந்துட்டீங்களாட்ட இருக்குதுங்க.”

“இல்லீங்கக்கா. இங்கதான் வந்தோம்.”

பேராசிரியர் கண்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார். புகையாக இருக்கலாம்.

பின்னால் நின்ற ஒரு பெண் ஆணையர் செயல் அலுவலர் அருகே வந்தார். குரல் தாழ்ந்திருந்தது.

“எங்க ஊரும் முன்மாதிரிதான் மேடம்.”

பக்கத்தில் நின்றவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குப் பக்கத்தில் நின்றவரும்.

அவள் போன் அடித்தது. உதவி இயக்குநர். உரக்கிடங்கு வாசலில் சந்தனமும் இளநீருமாகக் காத்திருக்கிறார், பாவம்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

எடுத்தாள்.

“ஏரிக்கரையில இருக்கோம் சார். ஆமாங்க, எல்லாரும். நான்தான் கூட்டிட்டு வந்தேன். அந்த இளநீரை இங்க அனுப்பிருங்க சார். இங்க வேலை செய்யறவங்களுக்குத் தொண்டை எரியுது.”

போனைப் பைக்குள் போட்டாள்.

பேராசிரியர் கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பேன்ட்டைக் கணுக்காலுக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு, ராமாத்தாள் நின்ற இடத்தை நோக்கி மேட்டில் ஏறத் தொடங்கினார்.