முதல் பாதி எனக்கு

"நோஞ்சானுக்கு நான் பேசுறேன். பலசாலிக்கு அவரைப் பேச வைங்க."

இடி சொன்னதைக் கேட்டு டப்பிங் இயக்குநருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையிலிருந்த வசனத் தாள்களை மேஜைமேல் வைத்தாள்.

இடி என்பது பட்டப்பெயர். வெளிநாட்டுப் படத்தில் எந்த மாவீரன் வாயைத் திறந்தாலும், நம் மொழியில் அவர் குரல்தான் வரும்.

இந்தப் படமும் ஒரு மாவீரன் கதைதான். போர்க்காலத்தில் நடக்கிறது. "மூச்சு விடவே திணறுற, துப்பாக்கியை எப்படித் தூக்குவ?" என்று பட்டாளத்தில் சேர்க்காமல் விரட்டப்பட்ட ஒரு தபால்காரன், குண்டு விழுகிற தெருக்களில் வீடு வீடாகக் கடிதம் கொடுக்கிறான். பாதிப் படத்தில் ஒரு விஞ்ஞானி மருந்து ஏற்ற, மலை மாதிரி ஆகிவிடுகிறான். உடம்போடு குரலும் மாறிவிடும். அதனால் இரண்டு பேர் பேச வேண்டும்.

மலைக்கு இடி என்று முதலிலேயே முடிவாகிவிட்டது. நோஞ்சானுக்கு அவள் கூப்பிட்டிருந்தது, பதினெட்டு வருஷமாக "ஐயோ", "ஓடுங்க ஓடுங்க", "அதோ பாருங்க" தவிர வேறெதுவும் பேசியிராத ஒருவரை. ஸ்டூடியோவில் அவருக்குப் பெயரே 'கூட்டம்'தான்.

"ஏன் சார் திடீர்னு?" என்று கேட்டாள்.

"மகன் செத்துட்டான்னு அம்மாகிட்ட தந்தி கொடுக்கிற சீன் முதல் பாதியில இருக்கே. எனக்கு அது வேணும்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. அழுகை, விக்கல், தழுதழுப்பு என்று நடிக்க இடமுள்ளதெல்லாம் முதல் பாதியில். இரண்டாம் பாதி முழுக்க அடிதடி.

"அவருக்கு இப்பதான் முதல் தடவையா நாலு வரி கிடைச்சிருக்கு. அதையும் பிடுங்கணுமா?"

"முதல் பாதி எனக்கு. இல்லேன்னா ஆளை விடுங்க."

மூலையில் நின்ற கூட்டம் அவசரமாகக் குறுக்கிட்டார். "சார் சொல்றபடியே செய்யலாம் மேடம். எனக்கு எதுவானாலும் சரி."

படம் வெளியாக மூன்று வாரம்தான் இருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்துக்கொண்டாள்.

அன்றைக்கு முழுக்க இடி நோஞ்சானாக இருமினார், திணறினார். தந்திக் காட்சியில் ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவள் ஒரு வார்த்தை பாராட்டவில்லை. "அடுத்தது" என்றாள்.

மறுநாள் இரண்டாம் பாதி.

"இந்தக் காலத்துல இதை யார் மேடம் பார்ப்பாங்க?" என்றார் ஒலிப்பதிவாளர். "ஹீரோ நக்கல் பண்ண மாட்டேங்கிறான். எதிரியை அடிச்சுப் போட்டுட்டு, தண்ணி வேணுமான்னு கேட்கிறான். கருப்பு வெள்ளைக் காலத்து ஆள் மாதிரி இருக்கான்."

"அதுக்காகத்தான் நான் இதைக் கேட்டு வாங்கினேன். நல்லவன் ஒருத்தன் கடைசி வரைக்கும் நல்லவனாவே இருக்கிறதைப் பார்த்து எத்தனை நாளாச்சு! நீங்க பாருங்க, ஜனங்க கை தட்டுவாங்க."

திரையில் எதிரியின் கோட்டை. தளபதி "உடைடா கதவை!" என்று கத்துகிறான். மலை அசையவில்லை. குனிந்து, கிழிந்துபோன தபால் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொள்கிறான்.

கூட்டம் மைக்குக்கு முன்னால் வந்தார்.

"இன்னும் ஏழு கடிதம் பாக்கி இருக்கு. கொடுத்துட்டு வந்து உடைக்கிறேன்."

கத்தவில்லை. கனமான குரல், அடிவயிற்றிலிருந்து நிதானமாக எழுந்து வந்தது. ஒலிப்பதிவாளர் பொத்தான்மேல் வைத்த விரலை எடுக்க மறந்துபோனார். அவளும் 'ஓகே' சொல்ல மறந்துவிட்டாள்.

"இந்தக் குரலை இத்தனை நாள் எங்கே வெச்சிருந்தீங்க?"

"இங்கேதான் மேடம் இருந்தது," என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினார். "'ஓடுங்க'ன்னு கத்தறதுக்கு இது தேவைப்படலை."

அடுத்த வாரம் டிரெய்லர் வெளிவந்தது. நோஞ்சான் அதில் இரண்டு நொடிதான் வந்தான். மிச்சமெல்லாம் மலை. மறுநாளே விநியோகஸ்தர் கூப்பிட்டுவிட்டார்.

"யாரும்மா அந்தப் புதுக் குரல்? அடுத்த ரெண்டு படத்துக்கும் அவரையே போடுங்க."

அந்த இரண்டும் இடிக்கென்று வைத்திருந்த படங்கள். சேதியைச் சொல்ல அவளே அவருக்குப் போன் செய்தாள். சொல்வதில் அவளுக்கு ஒரு திருப்தி இருந்தது.

"அழுகை சீனுக்கு ஆசைப்பட்டு ரெண்டு படத்தைக் கோட்டை விட்டுட்டீங்களே சார்!"

மறுமுனையில் இடி கடகடவென்று சிரித்தார்.

"அப்பாடா! அவருக்குக் கிடைச்சிடுச்சா?"

"என்ன சார் சொல்றீங்க?"

"தினம் என் கார்லதான் அவர் வீட்டுக்குப் போவார். சும்மா ஊர்க்கதை பேசினாலே அவர் குரல்ல வண்டி அதிரும்."

"அப்போ, ஹீரோவுக்கு இவரைப் போடுங்கன்னு என்கிட்ட நேரா கேட்டிருக்கலாமே?"

"மூணு வருஷமா கேட்டேனே மேடம். 'அவரா? அவர் கூட்டத்துக்குத்தான் சரி'ன்னு மூணு தடவையும் சொன்னது நீங்கதானே?"