பெட்டி உங்களது, குரல் எங்களது

"சரியா அஞ்சு மணிக்குப் பழைய ஒப்பந்தம் முடியுது சார். அதுக்கப்புறம் இந்தப் பெட்டியிலிருந்து ஒரு வார்த்தை வராது" என்றார் கம்பெனிக்காரர், புது ஒப்பந்தத் தாளை மேசைமேல் விரித்தபடி.

சாவிக்காரர் சுவரைப் பார்த்தார். வரிசை வரிசையாகத் தொங்கிய சாவிகளுக்கு நடுவே கடிகாரம் ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கிறது என்றது. தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து, மூன்று வருஷமாக அந்தப் பெட்டிதான் அவருக்கு வாய். அதன் திரையில் விரலால் எழுத்துகளைத் தட்டினால் போதும், செய்தி வாசிக்கிறவர் மாதிரி கணீரென்று பேசும்.

தட்டினார்.

"விலை கொடுத்து வாங்கின பெட்டி. என்னுதுதானே?"

"பெட்டி உங்களது சார். உள்ளே இருக்கிற குரல் எங்களது. கையெழுத்துப் போட்டா தொடர்ந்து பேசலாம். இங்கே பேசறதெல்லாம் எங்க கம்பெனிக்கு வந்து சேரும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? எந்த வீட்டுக்கு எந்தப் பூட்டு, யாரு சாவியைத் தொலைச்சாங்க, எல்லாம் இங்கே நின்னுதான் பேசறாங்க. என்னை நம்பிப் பேசறாங்க. அதையெல்லாம் நீங்க ஒட்டுக் கேக்கணுமா?"

"எல்லாரும் போடறாங்க சார்."

சாவி அரைக்கும் மெஷினை நிறுத்திவிட்டு மனைவி எழுந்து வந்தாள்.

"ஊர்ப் பூட்டையெல்லாம் திறக்கிற மனுஷனுக்கே வாய்ப்பூட்டா? நீங்க போடாதீங்க."

"போடலேன்னா ஊமையா உட்காரணும்டி" என்றது பெட்டி, ஏதோ வெள்ள அபாய அறிவிப்பு மாதிரி.

"உட்காருங்க."

சாவிக்காரருக்குச் சுருக்கென்றது. விரல்கள் வேகமாக ஓடின.

"ஆமா, உனக்கென்ன? முப்பது வருஷச் சண்டையில இன்னிக்குத்தான் நீ ஜெயிக்கப்போறே. பேச்சுத் துணைக்கு உன் தங்கச்சி இருக்கா. நாலு மாசமா மத்தியானமானா பின்னறைக் கதவைச் சாத்திக்கிட்டு, போனும் கையுமா வாய் ஓயாம என்னதான் பேச்சோ! நான் கதவைத் தட்டினாக்கூட..."

பாதியில் நின்றது. மணி ஐந்து.

மறுபடி தட்டினார். திரையில் எழுத்து ஓடியது. சத்தம் வரவில்லை. கம்பெனிக்காரர் பேனாவை நீட்டினார். நாளைக் காலையில் கடை வாசலில் வந்து நிற்கப்போகிறவர்களுக்கு எப்படிப் பதில் சொல்வது என்று யோசித்தார் சாவிக்காரர். பேனாவை வாங்கினார்.

மனைவி அதை வெடுக்கென்று பிடுங்கினாள். மூக்குக்கண்ணாடிக் கூட்டிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துப் பெட்டியின் பக்கவாட்டில் செருகினாள்.

"என்னம்மா பண்றீங்க?"

"எங்க பொண்ணும், எங்கெங்கேயோ இருக்கிற அவ கூட்டாளிங்களும் சேர்ந்து எழுதின மென்பொருள். யாரு வேணும்னாலும் திறந்து பார்க்கலாம். யாரும் பூட்ட முடியாது."

"அதெல்லாம் எங்க பெட்டியில போடக் கூடாதும்மா."

"பெட்டி எங்களதுன்னு இப்பதானே சொன்னீங்க?"

கம்பெனிக்காரர் சிரித்துவிட்டார். "சரி, போட்டுக்கோங்க. மென்பொருள் கிடைச்சிடும். குரலுக்கு எங்கே போவீங்க? யாராவது ஒருத்தர் சத்தமில்லாத அறையில கதவைச் சாத்திக்கிட்டு, மாசக்கணக்கா, ஆயிரமாயிரம் வரியை வாய்விட்டுப் படிச்சுக் கொடுத்திருக்கணும். சும்மா யாரும்மா செய்வா?"

திரை இருண்டு, மெல்ல வெளிச்சமானது.

சாவிக்காரர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அவள் மேசைமேல் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

பெட்டி பேசியது, அவளுடைய அதே கரகரத்த அவசரக் குரலில்:

"அடிப்பாவி! இனிமே உன்னைத் திட்டணும்னாகூட உன் குரல்லதான் திட்டணுமா?"