மொழிபெயர்த்துச் சொன்னவர்

பயிற்சி முடிந்த சான்றிதழை வாங்கிக்கொண்டு நான் படியிறங்கி வந்தபோது, கீழே உஷாராணி அக்கா நின்றுகொண்டிருந்தார்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் ஒரு பூக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருக்கிறது அந்த வக்கீல் அலுவலகம். கல்லூரியில் சட்ட டிப்ளோமா படிக்கும் நான் பத்து வாரம் அங்கே பயிற்சியில் இருந்தேன். எனக்குப் பத்தொன்பது வயது.

சற்று முன்னர்தான் மேலே எனக்காகக் கேக் வெட்டினார்கள். வக்கீல் சிவநேசன் சார் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார்.

"மாதவி வந்த பிறகு தமிழ் ஆளுங்க பயமில்லாம கையெழுத்துப் போடுறாங்க லா!"

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் சிரித்தபடி நின்றேன். என் கேக் துண்டை மேசையிலேயே வைத்துவிட்டேன்.

உஷாராணி அக்காவை அதற்குமுன் ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தேன். மூன்று வாரத்துக்கு முன்னால், கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் ஏறி வந்திருந்தார். அவர் எங்கள் கட்சிக்காரர் இல்லை. அவரைப் பிரிந்து வாழும் கணவர்தான் எங்கள் கட்சிக்காரர். ஏழு வயது மகன் தர்வினைப் பற்றிய ஒப்பந்தத்தில் அக்காவின் கையெழுத்து வேண்டியிருந்தது.

எட்டுப் பக்கமும் ஆங்கிலம். அக்கா ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்.

"சிம்பிளா சொல்லும்மா, பயமுறுத்தாதே" என்று சொல்லிவிட்டு, சார் போனோடு வெளியே போய்விட்டார்.

சிம்பிளாகத்தான் சொன்னேன். பையன் அப்பா வீட்டில் இருந்து படிப்பான், நீங்கள் போய்ப் பார்க்கலாம் என்றேன். பள்ளி விடுமுறைக்குக் கூட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டார். தலையாட்டினேன்.

அக்கா தன் பெயரை நிதானமாக எழுதினார். அதற்குக் கீழே, மொழிபெயர்த்துச் சொன்னவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். ஒரு பத்திரத்தில் நான் போட்ட முதல் கையெழுத்து அது. போட்டோ எடுத்து அம்மாவுக்குக்கூட அனுப்பினேன்.

இப்போது அக்காவின் கண்கள் வீங்கியிருந்தன. கையில் ஒரு காலித் துணிப்பை.

"காலையில சுபாங் ஜெயாவுல அவரு வீட்டுக்குப் போனேன் தங்கச்சி. ஸ்கூல் லீவு விட்டாச்சே, பையனைக் கூட்டிட்டு வரலாம்னு. கேட்டையே தொறக்கல. இனிமே புள்ள அவங்களுக்குத்தானாம். அவரு சரின்னு சொன்னாத்தான் நான் பார்க்கவே முடியுமாம். நான்தான் எழுதிக் கொடுத்துட்டேனாம். நீதானே படிச்சுச் சொன்ன, அப்படியா இருந்துச்சு?"

அப்படித்தான் இருந்தது. ஐந்தாம் பக்கத்தில்.

பூக்கடைக்காரர் ஒரு வாளித் தண்ணீரை நடைபாதையில் வீசி ஊற்றினார். எங்கள் இருவர் செருப்புகளும் நனைந்தன. அக்கா நகரவில்லை.

"சாரிக்கா. அந்த இங்கிலீஷ் எனக்குச் சரியா புரியல."

என்னையே பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அறைந்தாலும் அறைவார் என்று நினைத்தேன். அவர் என் தோளில் கை வைத்தார்.

"நீ என்ன செய்வ, சின்னப் பிள்ளை. உன்னைப் போய் உட்கார வச்சாங்க பாரு, அவங்களைச் சொல்லணும்."

அதோடு நான் போயிருக்கலாம். ரயில் நிலையம் ஐந்து நிமிட நடைதான். அக்கா மேலே போய் அழுவார். சார் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டுவார். அங்கே அக்காவின் கையெழுத்து இருக்கும், என் கையெழுத்தும் இருக்கும். அவ்வளவுதான்.

அந்தக் கை இன்னும் என் தோளில் இருந்தது. யாரோ தன் வீட்டுப் பிள்ளையைத் தேற்றுவதுபோல இரண்டு முறை தட்டியது.

"அன்னைக்கே புரிஞ்சதுக்கா" என்றேன்.

"என்ன?"

அந்த ஒப்பந்தத்தைத் தட்டச்சு செய்ததே நான்தான். அக்கா கையெழுத்துப் போட வந்ததற்கு முந்தின நாள் மத்தியானம். ஐந்தாம் பக்கத்தில் என் விரல்கள் நின்றுபோயின. நேராக சாரின் அறைக்குப் போய், இது அந்த அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். சார் நிமிர்ந்து பார்த்தார். உனக்கு நல்ல பரிந்துரைக் கடிதம் வேணுமா, வேணாமா என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

நானும் சிரித்தேன். திரும்பி வந்து மீதிப் பக்கங்களை அடித்து முடித்தேன்.

இதையெல்லாம் அந்த ஈர நடைபாதையில் நின்று சொன்னேன். நடுவில் எப்போதோ தோளிலிருந்து கை போய்விட்டிருந்தது.

அக்கா அழவில்லை.

"இப்ப சொன்னதை எழுதிக் கொடு. ஐசி நம்பரையும் போடு."

பூக்கடை மேசையின் ஓரத்தில் வைத்து எழுதினேன். எந்த வக்கீலிடம் காட்டினாலும் செல்லுபடியாக வேண்டும் என்று ஆங்கிலத்திலேயே எழுதினேன். ஒரு பக்கம் வந்தது. பெயர், அடையாள அட்டையின் ஐசி எண், தேதி. கையெழுத்துப் போடும் இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. இனி இந்த ஊரில் எந்த வக்கீல் என்னைச் சேர்த்துக்கொள்வார்?

போட்டேன்.

"என்ன எழுதியிருக்கேன்னு படிச்சுக் காட்டுறேன்க்கா."

அவர் தாளை என் கையிலிருந்து வாங்கினார். என்னைத் தாண்டிப் போய், மாலை வாங்க வந்து நின்ற ஒருவரிடம் அதை நீட்டினார்.

"அண்ணே, இதுல என்ன இருக்குன்னு தமிழ்ல சொல்லுங்க. ஒரு வார்த்தையும் விட்டுடாதீங்க."